ஐந்தாவது பொத்தான்

மெக்கானிக் மூன்று திருகாணிகளைக் கழற்றும்வரை மேட்ரன் பேசாமல்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காவதில் அவர் கை வைத்ததும் பொறுக்கவில்லை.

“லிஃப்ட் கதவு மூடிக்காம பாத்துக்கத்தான் உங்களை வரச் சொன்னேன். என் கண்ணாடியை எதுக்குக் கழட்டறீங்க?”

லிஃப்ட்டுக்குள்ளே, பொத்தான் வரிசைக்கு மேலே பதித்திருந்த கண்ணாடி அது. உள்ளங்கை அகலம்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் மேட்ரன் அதில் மூக்குக் கண்ணாடியை நேராக்கிக்கொள்வாள். நெற்றியில் விழும் நரைமுடியைத் தள்ளிவிட்டுக்கொள்வாள். ஈரத்துணி கொண்டு அதைப் பளபளவென்று துடைப்பதும் அவள்தான்.

“கழட்டாம எப்படிம்மா? அஞ்சை அழுத்தணுமே,” என்றார் மெக்கானிக். ஐம்பதைத் தாண்டிய, தொப்பை போட்ட மனிதர். சாவு வீட்டில் எந்தக் குரலில் பேசுவது என்று தெரியாமல் கிசுகிசுப்பாகவே பேசினார்.

“எந்த அஞ்சு?”

“அஞ்சாவது மாடி. ஐயா மேல் ரூம்லதான இருக்காருன்னு போன்ல சொன்னீங்க?”

“அங்கதான் இருக்கார். ஆனா லிஃப்ட் நாலோட நின்னுடும். அதுக்கு மேல வளைவுப் படி. குறுக்கே பீம் வருது, அதுக்கு மேல லிஃப்ட் போகாது.”

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீடு என்று ஞாபகம் வந்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

“பீமா? அப்படி ஒண்ணும் இல்லம்மா. அஞ்சு வரைக்கும் போட்ட லிஃப்ட்டு இது. நான்தான மாட்டினேன்?”

கடைசித் திருகாணி தளர்ந்ததும் கண்ணாடி ஒரு சுற்றுச் சுற்றித் தலைகீழாகத் தொங்கியது. அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு பொத்தான். அதில் ஐந்து என்ற எண். பக்கத்தில் சின்னதாக ஒரு சாவித் துவாரம்.

“இதுல சாவியைத் திருப்பினா அஞ்சு வேலை செய்யும். உங்க பையன்கிட்டயும் ஒரு சாவி இருக்குமே. போன மாசம் ஃப்ரிட்ஜை ஏத்தினப்போகூட...”

அப்போதுதான் அவர் திரும்பி மேட்ரனின் முகத்தைப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவர் மெதுவாக முதுகுக்குப் பின்னால் போனது.

“எந்த ஃப்ரிட்ஜ்?”

“இல்லம்மா... சின்னது. ஐயா ரூமுக்கு.”

“சொல்லுங்க.”

ஒரே ஒரு சொல்தான். பெரிய ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் வார்டு வார்டாக நடந்து பழகிய குரல். அந்தக் குரலுக்குக் கைதேர்ந்த டாக்டர்களே கையிலிருக்கும் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள். மெக்கானிக் எம்மாத்திரம்? ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். குடிவந்த அன்றைக்கு முதல் நாள் ஐயா கூப்பிட்டு ஐந்தாவது பொத்தானை அடைக்கச் சொன்னது. மேலே லிஃப்ட் வாசலுக்கு முன்னால் அலமாரி மாதிரி மரக்கதவு அடித்தது. எண்ணெய் போட வரும்போதெல்லாம், மேட்ரன் முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கப் போகும் நேரமாகப் பார்த்து வரச் சொன்னது.

“பெரியவங்க வீட்டு விவகாரம், நமக்கெதுக்குன்னு இருந்துட்டேம்மா.”

“சரி. கீழ போய் ஏதாவது குடிங்க. கூப்பிடறேன்.”

மெக்கானிக் லிஃப்ட்டை நம்பாமல் படியிலேயே இறங்கி ஓடினார்.

மேட்ரன் நாற்காலியை விட்டு எழவில்லை. இரண்டாம் மாடியில் லிஃப்ட்டுக்கு எதிரே, ஜன்னலோரம் போட்டிருக்கும் நாற்காலி. அவளுடைய தலைமையகம் என்று மருமகள் கிண்டல் பண்ணுவாள். இங்கிருந்தே வீட்டின் எல்லா மாடிகளையும் ஆளலாம். கைக்கெட்டும் சுவரில் இன்டர்காம் இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் மருமகள், இன்னொன்றுக்குச் சமையலறை, கடைசிப் பொத்தானுக்குக் கணவர்.

ஊரில் அந்த வீட்டைத் தெரியாதவர்கள் குறைவு. ஒரு பக்கம் உடற்பயிற்சிக் கூடம், மறுபக்கம் காபிக் கடை, எதிரே சலூனும் அதன் மாடியில் நடனப் பள்ளியும். நடுவே, ஒல்லியான மனையில், கண்ணாடியும் கல்லுமாக ஓங்கி நிற்கும் வீடு. உள்ளே நுழைந்ததும் ஒரு மாடி உயரத்துக்கு வழியும் தண்ணீர்ச் சுவர். முதல் மாடியில் கூடம், மூன்றில் மகன் குடும்பம், நான்கில் சினிமா பார்க்கும் அறை. உச்சியில் அவள் கணவர் கான்ட்ராக்டரின் அறை. காபிக் கடைக்கு வரும் பிள்ளைகள் வீட்டு வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஆயுசு முழுக்க அடுத்தவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்த கான்ட்ராக்டர், கடைசியாகத் தனக்கென்று கட்டியது.

கட்டும்போதே மேட்ரன் கேட்டாள். “லிஃப்ட்டை மேல வரைக்கும் விடுங்களேன். என் முட்டியைப் பத்தித் தெரியும்ல?” கான்ட்ராக்டர் பென்சிலை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டார். “இங்க பீம் வருது. இதுல கை வெச்சா வீடே உக்காந்துடும்.” இதய டாக்டரையே குறுக்குக் கேள்வி கேட்டுத் திணறடிப்பவள், பீம் என்றதும் அடங்கிப்போனாள். கட்டடம் அவருடைய வார்டு. அங்கே அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அது மட்டுமில்லை. முதல் நெஞ்சுவலி வந்து பிழைத்தவருக்குத் தினமும் படி ஏறி இறங்குவது நல்லது. மறுமுறை டாக்டரிடம் போனபோது அவளே பெருமையாகச் சொன்னாள்: “நாலாவது மாடிக்கு மேல லிஃப்ட் கிடையாது டாக்டர். நடந்துதான் ஆகணும்.” பக்கத்தில் கான்ட்ராக்டர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

அந்த நெஞ்சுவலிக்குப் பிறகு அவரை உயிரோடு வைத்திருந்தது யார் என்று கேட்டால் உறவு முழுக்க ஒரே பதில்தான் சொல்லும். மேட்ரன். சிகரெட் ஒரே நாளில் நின்றது. எண்ணெய் நின்றது. இனிப்பு நின்றது. கடைசியில் உப்பும் நின்றது. அவர் மட்டும் உப்பில்லாமல் சாப்பிட்டால் மனசு கேட்காது என்று அவளும் தன் தட்டிலிருந்து உப்பை எடுத்தாள். அவளுக்கு ரத்த அழுத்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இருந்தாலும் இத்தனை வருஷமாக இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து அந்தச் சப்பென்ற சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். “உனக்கெதுக்கு இந்தத் தண்டனை?” என்று அவர் ஒருமுறை கேட்டதுண்டு. “சும்மா சாப்பிடுங்க” என்றாள். வேறென்ன சொல்வது?

ரத்தப் பரிசோதனையில் ஒவ்வொரு முறையும் கொழுப்பு ஏறிக்கொண்டே போனது ஏன் என்பதுதான் அவளுக்கு விளங்காமல் இருந்தது.

இன்டர்காமை எடுத்துக் கீழ்த்தளத்துக்கு அடித்தாள். “மேல வா” என்றாள். மகனுக்குக் குரலே விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று மூன்று படியாகத் தாவி வந்தான். டைல்ஸ் ஷோரூம் நடத்துபவன். அப்பாவின் உயரம், அம்மாவின் மூக்கு. ராத்திரி முழுக்கத் தூங்காத கண்.

“வண்டி வந்துட்டு இருக்கும்மா. அவங்க ஆளுங்க ரெண்டு பேர் முன்னாடியே வந்து படியை அளந்து பாத்துட்டாங்க. மேல் படியில கொஞ்சம் சாய்ச்சுத் தூக்கணுமாம். பண்ணிடலாங்கறாங்க.”

“உங்கப்பாவைச் சாய்ச்சுத் தூக்கப் போறாங்க.”

“வேற வழியில்லம்மா. வளைவு...”

மேட்ரன் கைத்தடியை நீட்டி லிஃப்ட்டைக் காட்டினாள். திறந்த கதவுக்குள் கண்ணாடி இன்னும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

மகன் பார்த்தான். அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், சாவிக்கொத்தைத் தொட்டு, நின்றது.

“உன்கிட்ட சாவி இருக்கு,” என்றாள். “அப்படியும் அவரைப் படியில சாய்ச்சு இறக்கறதுக்குத் தயாரா இருந்திருக்க. எனக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னு.”

“அம்மா...”

“எத்தனை நாளா?”

“ஆரம்பத்துலேர்ந்தே,” என்றான் மகன், தரையைப் பார்த்து. தரையில் பதித்திருந்த இத்தாலியக் கல் அவன் கடையிலிருந்து வந்ததுதான். அதில் கீறல் விழுந்ததைப் போல உற்றுப் பார்த்தான். “அப்பாதான் கேட்டுக்கிட்டாரு. அவருக்குன்னு ஒரு இடம் வேணும்னாரு.”

“வீடு மொத்தமும் அவர் கட்டினதுதான?”



மேலே படியில் ஏதோ சரசரத்தது. மருமகள் இறங்கி வந்துகொண்டிருந்தாள். கையில் கறுப்புக் குப்பைப் பை. மாமியாரையும் கணவனையும் லிஃப்ட்டையும் ஒரு பார்வை பார்த்தவள், கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். திரும்பி ஏறலாமா என்று ஒரு கணம் யோசித்தது தெரிந்தது.

ராத்திரி இந்தச் சத்தத்தைத்தான் மேட்ரன் கேட்டுக்கொண்டிருந்தாள். போகவரப் படியில் காலடிச் சத்தம், பைகள் உரசும் சத்தம். அறையைக் கழுவி விடுகிறார்கள் என்று நினைத்தாள். பாவம், பிள்ளைகள், தூங்காமல் அலைகிறதுகள் என்று வருத்தப்பட்டாள்கூட.

“அதைக் கீழ வை.”

“அத்தை, இது சும்மா குப்பை...”

“வை.”

பை தரையில் உட்கார்ந்ததும் வாய் திறந்துகொண்டது. ஐஸ்கிரீம் டப்பா ஒன்று உருண்டு வந்து மேட்ரனின் செருப்பில் முட்டி நின்றது. பின்னாலேயே சிப்ஸ் பாக்கெட்டுகள். எண்ணெய் ஊறிய காகிதம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாடை. வார்டு வாசலில் ஒருவன் கடந்து போனாலே பிடித்துவிடுவாளே, அந்தச் சிகரெட் வாடை. அதே வீட்டில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறாள். காபிக் கடைக் காற்று என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

“ஞாயித்துக்கிழமை எல்லாரும் நாலாவது மாடியில சினிமா பாக்கறோம்னு போவீங்களே,” என்றாள் மெதுவாக.

மருமகள் அழ ஆரம்பித்தாள். “சொல்லிடலாம்னு எத்தனையோ தடவை நினைச்சேன் அத்தை. நீங்க உப்பில்லாம சாப்பிடறதைப் பாக்கும்போதெல்லாம்...”

“பாத்துட்டு?”

மருமகள் குனிந்து, உருண்டு வந்த டப்பாவை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

அந்த நேரத்தில் மேலேயிருந்து கான்ட்ராக்டரின் தம்பி இறங்கி வந்தார். ராத்திரி முழுக்க அண்ணனின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். வாய் ஓயாமல் பேசுவதால் குடும்பத்தில் அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். விஷயம் வெளியே வந்துவிட்டது என்று பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ரேடியோ ஆயிற்றே.

“அண்ணி, பசங்களைத் திட்டாதீங்க. எல்லாத்துக்கும் நானும்தான் உடந்தை. அண்ணன் பாவம், ‘எனக்கு ஆயுள் தண்டனைடா, ஞாயித்துக்கிழமை மட்டும் பரோல்’னு சொல்லிச் சிரிப்பாரு. ஒரு சிகரெட்டு, ஒரு வாய் காரசாரமா... அதுல அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். மேட்ரன் ரவுண்ட்ஸ் வர முடியாத ஒரே வார்டு இதுதான்னு...”

சொல்லிவிட்ட பிறகுதான் ரேடியோவுக்கே காதில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டார். அவர் தானாக நிறுத்தி யாரும் பார்த்ததில்லை.

“சிரிச்சீங்களா?” என்று கேட்டாள் மேட்ரன்.

“என்ன அண்ணி?”

“அவர் அப்படிச் சொன்னப்போ. எல்லாரும் சிரிச்சீங்களா?”

பக்கத்து உடற்பயிற்சிக் கூடத்தில் பாட்டுப் போட்டுவிட்டார்கள். தம் தம்மென்று அடி வீட்டுக் கண்ணாடியில் வந்து மோதியது. அந்தச் சத்தத்தில்தான் மேலே அத்தனை பேர் சிரித்தும் கீழே ஒன்றும் கேட்காமல் போயிருக்கிறது.

“உங்களுக்கு எதிரா யாரும் எதுவும் பண்ணல அண்ணி.”

“எதிரா பண்ணியிருந்தா சண்டை போட்டிருப்பேன் தம்பி. முதுகுக்குப் பின்னாடி பண்ணிட்டீங்களே.”

அவள் குரல் உயரவே இல்லை. திட்டினால் தேவலை என்று மூன்று பேருக்கும் தோன்றியிருக்க வேண்டும். மகன் வந்து அவள் நாற்காலியின் பக்கத்தில் மண்டியிட்டான்.

“அம்மா, திட்டும்மா. ஏதாவது சொல்லு.”

“நேத்து சாயங்காலம் நான் இங்கதான் உக்காந்திருந்தேன்,” என்றாள் மேட்ரன்.

“தெரியும்மா.”

“மாத்திரை நேரம். அடிச்சேன். எடுக்கல. எப்பவுமே அவர் எடுக்க நேரமாகும். எடுத்தா மூச்சு வாங்கும். ‘இப்பதான் படியேறி வந்தேன், சொல்லு’ம்பார். அதனால காத்துட்டு இருந்து மறுபடி அடிச்சேன். பாத்ரூம்ல இருப்பார்னு நினைச்சேன். மறுபடி அடிச்சேன். உன் பொண்டாட்டி வெளிய போயிருந்தா. நீ ஷோரூம்ல இருந்த. ‘வரேம்மா, ட்ராஃபிக்’னு சொன்ன. நான் அடிச்சிட்டே இருந்தேன்.”

“அம்மா, போதும்.”

“நாலாவது மாடி வரைக்கும் போனேன்டா. வளைவுப் படி கிட்ட நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டேன். முதல் படியில காலை வெச்சேன், முட்டி மடங்கல. உக்காந்து உக்காந்தாவது ஏறிடலாம்னு பாத்தேன். ரெண்டு படிக்கு மேல முடியல.” அவள் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். “இந்தக் கையால எத்தனை பேர் நெஞ்சை அழுத்தித் திரும்பக் கொண்டுவந்திருக்கேன் தெரியுமா? நேத்து ராத்திரி பூரா என் முட்டியைத்தான் திட்டிட்டு இருந்தேன். பாழாப்போன முட்டி, பாழாப்போன முட்டின்னு.”

அவளுக்குப் பின்னால் லிஃப்ட் கதவு மூடப் பார்த்து, மெக்கானிக் வைத்துவிட்டுப் போன கருவிப் பெட்டியில் இடித்து, மறுபடி திறந்தது. மறுபடி மூடப் பார்த்தது.

மகன் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் தலையைத் தடவிக் கொடுக்க அவள் கை எழவில்லை. அதை அவளே கவனித்தாள்.

“சாவியைக் குடு,” என்றாள்.

“நானும் வரேம்மா.”

“யாரும் வர வேண்டாம். இத்தனை நாள் நீங்கள்லாம் போனீங்கல்ல? இப்ப நான் போறேன். கூப்பிடற வரைக்கும் அவரை இறக்கக் கூடாது.”

கருவிப் பெட்டியை மகன் காலால் நகர்த்தினான். அவளே சாவியைத் துவாரத்தில் நுழைத்துத் திருப்பினாள். ஐந்தை அழுத்தினாள். பொத்தானைச் சுற்றி நீல வெளிச்சம் வந்தது. தொங்கிக்கொண்டிருந்த கண்ணாடியில் அவள் முகம் தெரியவில்லை, தோளும் சேலையும்தான் தெரிந்தன.

லிஃப்ட் மூன்றைத் தாண்டியது. நான்கைத் தாண்டியது. பீம் எதுவும் இடிக்கவில்லை. சத்தமே இல்லாமல், வெண்ணெயில் கத்தி போல, மேலே போய் நின்றது.

மரக்கதவைக் கைத்தடியால் தள்ளினாள். வெளிச்சம் முகத்தில் அடித்தது.

அழகான அறை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மூன்று பக்கமும் கண்ணாடி. எதிர்ச் சலூனின் மொட்டைமாடி, நடனப் பள்ளியின் ஜன்னல், தெரு முனையில் பேருந்து திரும்பும் இடம் எல்லாம் தெரிந்தது. தரையில் பினாயில் வாடை. மேஜையைத் துடைத்த ஈரம் கூடக் காயவில்லை. சின்ன ஃப்ரிட்ஜ் காலியாக, கதவு திறந்தபடி, வேலை நிறுத்தப்பட்டு நின்றது. ஓரத்தில் மடக்கு நாற்காலிகளை ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். எத்தனை என்று எண்ண அவளுக்கு மனமில்லை. மடக்காத நாற்காலி ஒன்றுதான். சாய்ந்து உட்காரும் பிரம்பு நாற்காலி, தெருவைப் பார்த்தபடி.

கட்டிலில் கான்ட்ராக்டர் படுத்திருந்தார். மார்பு வரை வெள்ளைத் துணி.

மேட்ரன் நின்று பார்த்தாள். பிறகு கைத்தடியைக் கட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு, பழக்கம் விடாமல், வேலையை ஆரம்பித்தாள். தாடையைத் தாங்கும் கட்டு சரியாகப் போடப்படவில்லை. அவிழ்த்து ஒழுங்காகக் கட்டினாள். வலது இமை முழுக்க மூடவில்லை. விரல் நுனியால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தாள். கைகளை எடுத்து நேராக வைத்தாள். நடுவிரலின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை. எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். “வார்னிஷ்” என்பார். மர வேலை நடக்கும் இடத்துக்குப் போய்வந்தேன் என்பார். அவளும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்துவிடுவாள்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்,” என்றாள் அவரிடம். “கத்தியிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். அப்புறம் என்ன பண்ணியிருப்பேன்? ஞாயித்துக்கிழமை மட்டும்னு விட்டிருப்பேன்.”

விட்டிருப்பாளா? அவர் முகம் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இன்டர்காம் எங்கே?

சுவரில் அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஒயர் மட்டும் வெளியே வந்தது. ஒயர் சுவரோரமாகவே போய், புத்தக அலமாரியின் பின்னால் நுழைந்து, அடித்தட்டின் கதவுக்குள் மறைந்தது. மேட்ரன் அலமாரியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தாள். முட்டி ‘வேண்டாம்’ என்றது. குனிந்தாள்.

கதவுக்குள்ளே, மூலையில், சாம்பல் நிறக் கம்பளிப் பொதி ஒன்று இருந்தது. ஒயர் அதற்குள் போனது.

கம்பளியை அவளுக்குத் தெரியும். ஓரத்தில் நீலக் கோடு போட்ட மஃப்ளர். அவர் முதல் நெஞ்சுவலியோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கை நடுக்கத்தை அடக்குவதற்காகவே பின்னியது. நடுவில் ஓரிடத்தில் பின்னல் தப்பியிருக்கும். அன்றைக்குத்தான் டாக்டர் வெளியே வந்து ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார். அந்த மஃப்ளரை டாக்ஸியில் தொலைத்துவிட்டேன் என்று கான்ட்ராக்டர் சொன்னார். அவ்வளவு வருத்தமாகச் சொன்னார். அவள் சமாதானப்படுத்தி, இன்னொன்று பின்னிக் கொடுத்தாள்.

பிள்ளைகள் ராத்திரி முழுக்க எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து அப்புறப்படுத்தியிருக்கிறார்கள். இதை மட்டும் யாரும் தொடவில்லை. மறைக்க வேண்டிய பொருள் என்றே யாருக்கும் தோன்றியிருக்காது. அவர்களைப் பொறுத்தவரை இன்டர்காம் என்றால் இப்படித்தான் இருக்கும்.

பொதியை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒயர் அதுவரை எட்டியது. சுற்றிச் சுற்றி, கடைசியில் இரண்டு முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தது. சாரம் கட்டுகிறவர்கள் கயிற்றில் போடுகிற முடிச்சு. எத்தனை பேர் ஏறி நின்றாலும் நெகிழாது. ஆனால் தெரிந்தவன் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் அவிழ்ந்துவிடும். கல்யாணமான புதிதில் ஒரு துண்டை வைத்து அவளுக்கு அதைச் செய்து காட்டியிருக்கிறார்.

தையல் பிரித்த காயத்தைப் பார்ப்பதுபோல மேட்ரன் முடிச்சைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். எங்காவது ஒரு முனை நீண்டிருக்கிறதா? கம்பளி எங்காவது இழுபட்டிருக்கிறதா? நேற்று அவள் அங்கே அடித்துக்கொண்டே இருந்தபோது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டாவது இந்தப் பக்கம் ஒரு கை வந்திருக்குமா? ஒரு விரலாவது?

முடிச்சு முடிச்சாகவே இருந்தது. அதன்மேல் ஒரு நாள் தூசு மெல்லியதாகப் படிந்திருந்தது.

கீழே வண்டி வந்து நின்றது. காபிக் கடை வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒதுங்கினார்கள். நடனப் பள்ளி ஜன்னலில் சிறுமிகள் வரிசையாகக் கையைத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கினார்கள்.

மடியில் பொதி அதிர்ந்தது.

சத்தமென்று பெரிதாக ஒன்றுமில்லை. தலையணைக்கு அடியில் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி, தூரத்து வீட்டில் யாரோ கூப்பிடுவது மாதிரி. கீழே இரண்டாம் மாடியில், அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று மகன் அடிக்கிறான். வண்டி வந்துவிட்டதென்று சொல்வான். அம்மா, வரலாமா என்று கேட்பான்.

நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தது.

மேட்ரன் முடிச்சின் முனையைப் பிடித்தாள். பிடித்த விரல்களைப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் கம்பளியின் மேல் வைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து தெருவைப் பார்த்தாள். அவள் உள்ளங்கைகளுக்கு அடியில் அது அடித்துக்கொண்டே இருந்தது.